குனிந்த மரமும் ஓர் ஓமும்

1

நாங்கள் மொன்றியல் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாள் போன கிழமை மறுபடி வந்துபோனது. நாலு வருடமாகிவிட்டது. என் மனைவி செல்வி, தையல் ஃபக்டரியால் வந்த களைப்போடு அடுப்படியில் நின்று சர்க்கரைப் புக்கை கிண்டினாள்.

"என்னத்துக்கு இப்ப புக்கை?" என்று கேட்டேன்.

"உயிரோடை வந்து சேர்ந்த நாளெல்லோ. இதுக்கில்லாத புக்கை வேறை எதுக்கு?"

நியாயம்தான். இரண்டு அகப்பை போட்டுத் தின்றுவிட்டு, சப்பாத்தைக் கழற்றவும் மனமில்லாமல் கதிரையிலேயே நித்திரையாகிப் போனேன். விழா அவ்வளவோடு முடிந்தது.

திருகோணமலையில் ஒரு சிறு சஞ்சிகை நடத்தும் நண்பர் என்னை விடுவதாயில்லை. "கனடா வாழ்க்கையைப் பற்றி எழுதும், பனியைப் பற்றி எழுதும், சனம் விரும்பி வாசிக்கும்" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறார். பனியைப் பற்றி இங்கே வந்த ஒவ்வொருவரும் முதல் மாதமே எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்குப் பனி என்றால் வாசலில் இருந்து அள்ளிக் கொட்டவேண்டிய ஒரு சாமான். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு மரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த மரத்துக்குத் தமிழில் பெயர் கிடையாது. ஆங்கிலத்தில் எல்ம் என்பார்கள். மொன்றியலில் எல்லோரும் கதைக்கும் பிரெஞ்சில் இதன் பெயர் "ஓர்ம்". அந்த "ர்" நாங்கள் சொல்லுகிற "ர்" இல்லை. தொண்டைக்குள்ளே கரகரத்து, பாதி வெளியே வந்து, மீதி விழுங்கப்பட்டுவிடும் ஒன்று. நம்முடைய காதுக்கு அது வந்து சேரும்போது நாங்கள் தலையாட்டிச் சம்மதம் சொல்லும் வெறும் "ஓம்" தான் மிஞ்சும். என் வினை எல்லாம் இந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

2

நாங்கள் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை. கீழே கிரேக்கர் ஒருவரின் டெப்பனோர், அதாவது சில்லறைச் சாமான் கடை. முற்றம் என்று ஒன்று இல்லை. பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு இருக்கிறது, அதில் உடுப்புக் காயப்போடலாம்.

கிழமை நாட்களில் எனக்கு டோர்வலில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையல் கூடத்தில், பறந்துவிட்டுத் திரும்பி வரும் தட்டுகளைக் கழுவுகிறேன். தட்டுகள் என்னைவிடக் கூட நாடு பார்த்தவை. மனிதர்கள் வானத்தில் எதைத் தின்னாமல் விடுகிறார்கள் என்று இன்று எவராவது கேட்டால் நான் நன்றாகச் சொல்வேன். அகதி விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. வரும், வரும் என்கிறார் வக்கீல். நாங்களும் தபாற்பெட்டியைத் திறக்கிறோம், மூடுகிறோம்.

அங்கே என்னோடு வேலை செய்யும் ஒருவர் மூலமாகத்தான் சனிக்கிழமை வேலை கிடைத்தது. பியர்பொன்ட்ஸில் மதாம் லூசியன் என்ற விதவையின் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். புல் வெட்டுவது, வேலிச் செடியைக் கத்தரிப்பது, இலை கூட்டுவது. பஸ் மாறி மாறிப் போக வேண்டும். போய்ச் சேரும்போதே அரைவாசி ஆளாகிவிடுவேன்.

சனிக்கிழமையிலும் செல்விக்குத் தையல் இருப்பதால் மகள் வதனியையும் கூட்டிக்கொண்டு போவேன். அவளுக்கு இப்போது ஏழு வயது. மூன்று வயதில் இங்கே வந்தபோது வாய் ஓயாமல் தமிழ் கதைத்தவள். இந்த மாகாணத்துச் சட்டப்படி குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். போனாள். முதல் வருடம் முடியும்போது அவளுடைய தமிழ் கதவடியில் நின்றது. இரண்டாம் வருடம் வெளியே போய்விட்டது.

முதலில் போன சொல் "ஓம்" தான். "சாப்பிட்டனியோ பிள்ளை?" என்று தாய் கேட்பாள். "உவி" என்பாள் மகள். பிறகு அதுவும் தேய்ந்து, இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்லுகிற மாதிரி "உவே" என்றானது. நாங்கள் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்கு விளங்கும். பதில் மட்டும் பிரெஞ்சில் வரும். எனக்கு அந்தப் பதிலில் பாதி விளங்காது. ஒரே வீட்டுக்குள் இப்படி ஒரு குடித்தனம்.

எனக்கு இது பெரிய துக்கம். அதை மறைக்க விரும்பவில்லை. மற்றவர்கள் "அதெல்லாம் வளர வரும்" என்று ஆறுதல் சொல்லுவார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

3

மதாம் லூசியன் வீட்டு முன்முற்றத்தில்தான் அந்த மரம் நிற்கிறது.

மொன்றியலில் எல்ம் மரங்கள் முன்பு தெருவெல்லாம் நின்றனவாம். இரண்டு பக்கத்திலிருந்தும் உயர்ந்து, தெருவுக்கு மேலே கிளை கோத்து நிழல் கொடுத்த மரங்கள். பிறகு ஒரு நோய் வந்தது. பட்டைக்குள் புகும் ஒரு சின்ன வண்டு பூஞ்சணத்தைக் காவிக்கொண்டு மரம் மரமாய்ப் போக, நின்ற நிலையிலேயே மரங்கள் காய்ந்துபோயின. நகராட்சி வெட்டி வெட்டிக் களைத்துவிட்டது. இப்போது தெருவோரங்களில் மேப்பிள்தான் கூட.

மதாமின் மரமும் எல்ம் இனம்தான். ஆனால் மனிதர் ஆக்கி வளர்க்கும் ஒரு தனி வகை. கேம்பர்டவுன் என்று பெயர். அடிமரம் என் தலை உயரத்துக்கு நேராகப் போகும். அங்கே ஒரு முடிச்சு, வீங்கிய முழங்கால் மாதிரி. அதுதான் ஒட்டு வைத்த இடம். அதற்கு மேலே மரம் உயர மறுக்கிறது. கிளைகள் எல்லாம் பக்கவாட்டில் நெளிந்து ஓடி, பிறகு மண்ணை நோக்கித் தொங்குகின்றன. கோடையில் இலை மூடிவிட்டால் உள்ளே ஓர் அறையே இருக்கும். இலை பெரிது, கரும்பச்சை. மேற்புறத்தைத் தடவினால் பூனையின் நாக்கு மாதிரிச் சொரசொரக்கும். இலையின் அடி ஒரு பக்கம் ஏறியும் மறு பக்கம் இறங்கியும் இருக்கும். இளவேனிலில் இலை வருமுன்னே பூத்து, வட்ட வட்டமாய்ப் பச்சைக் கடதாசி போல விதை கட்டும். ஆனால் அந்த விதையைப் போட்டால் இந்த மரம் முளைக்காது. முளைத்தாலும் சாதாரண எல்ம் தான் வரும். இந்த மரம் வேண்டுமென்றால் இதிலிருந்தே ஒரு கிளையை வெட்டி இன்னொன்றின் மேல் ஒட்ட வேண்டும்.

பிரெஞ்சில் இதை "அழுகிற எல்ம்" என்று சொல்கிறார்கள். இதைச் செல்விக்குச் சொன்னபோது, "அழுறதுக்கும் ஒரு மரம் வைச்சிருக்கினமோ இஞ்சை? எங்களைக் கேட்டிருந்தால் நாங்களே வந்து முற்றத்திலை நிண்டிருப்பமே" என்றாள்.

முதல் நாள் மதாம் எனக்குக் காட்டித் தந்த வேலை, ஒட்டுக்குக் கீழே அடிமரத்திலிருந்து நேரே கிளம்பும் துளிர்களை வெட்டுவது. நல்ல கொழுத்த, நெட்டையான துளிர்கள். அவற்றை விட்டால் கீழ்மரம் மேல்மரத்தை மேவிவிடுமாம். நேரே வளர்வதை வெட்டு, கோணலாய்ப் போவதை விடு என்று ஒருத்தி சொன்னால் என்ன செய்வது? வெட்டினேன்.

ஆனால் ஒரு விஷயம் என் மனதுக்கு ஒத்துவரவில்லை. எங்கள் பக்கத்தில் இலை தொங்கினால் அந்த மரத்துக்குத் தண்ணீர்த் தாகம் என்று அர்த்தம். கத்தரியோ, வாழையோ, எதுவானாலும் அப்படித்தான். இந்த மரமோ உச்சி முதல் அடிவரை தொங்கிக்கொண்டு நிற்கிறது. பாவமாக இருந்தது. யாரும் சொல்லாமலே ஹோஸ் குழாயை எடுத்து அதன் அடியில் போட்டுத் திறந்துவிட்டேன். புல் வெட்டி முடியும்வரை ஓடட்டும் என்று விட்டேன். அதன்பின் ஒவ்வொரு சனியும் அப்படியே. மதாம் பகலில் கொஞ்சம் படுப்பவர், காதும் மந்தம். அவருக்கு இது தெரியாது.

வதனிக்கு அந்த மரம் என்றால் உயிர். போய் இறங்கியதும் தொங்கும் கிளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். உள்ளே அவளுக்கு ஒரு வீடு இருந்தது. கற்களால் அடுப்பு, இலையால் பாய். மதாமும் சில நேரம் ஒரு சின்னக் கதிரையோடு உள்ளே போய் உட்காருவார். அவர் ஒன்றும் குழைந்து பேசும் ஆளில்லை. சள்ளென்று விழுவார். ஆனால் வதனியோடு சண்டைபோட அவருக்குப் பிடிக்கும், வதனிக்கும் பிடிக்கும். நான் வெளியே கத்தரிக்கோலோடு நிற்பேன். உள்ளே என் மகள் யாரோடோ வளவளவென்று கதைத்துச் சிரிப்பது கேட்கும். ஒரு சொல் விளங்காது. இலைகளுக்கு இந்தப் பக்கம் நான்.

4

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் விடுமுறைக்கு மூடுமுன், வதனி மேசையில் குந்தியிருந்து இலைகளை ஒரு மட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் கேட்டிருந்தார்களாம். நான் பக்கத்தில் போய் நின்றேன். மதாம் வீட்டு இலையை உடனே அடையாளம் கண்டேன். ஒரு கால் கட்டையான இலை அது ஒன்றுதான்.

"இது எங்கட மரத்தின்ரை இலைதானே பிள்ளை?" என்றேன்.

நிமிராமலே, "ஓம்" என்றாள்.

எத்தனை காலத்துக்குப் பிறகு! செல்வியைக் கூப்பிட்டேன். "இஞ்சை வாருமப்பா, பிள்ளை ஓம் எண்டு சொல்லுறாள்!"

செல்வி கையில் மாவோடு ஓடிவந்தாள். வதனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்த இலையைத் தூக்கிக் காட்டி, படிக்காதவர்களுக்குச் சொல்லுகிற மாதிரி, மெதுவாக, தொண்டையை உரசிச் சொன்னாள்: "ஓர்ர்ம்."

இலையின் பெயரைச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

செல்வி மாவுக்குத் திரும்பினாள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த இலக்கணப்படி உயிரெழுத்துக்கு முன் "ஒரு" என்பது "ஓர்" ஆகும். ஓர் ஓம். அதை விரைவாகச் சொல்லிப் பாருங்கள், இந்த மரத்தின் பெயர் வரும். அன்று பின்னேரம் முழுக்க நான் இதை எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு வேலையில்லாதவனைப் போல.

5

ஆடியில் வந்தது வினை. மதாம் உள்ளே படுத்திருந்தார். வதனி அவர் வீட்டு டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் புல்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நகராட்சி வண்டி ஒன்று வந்து நின்று, அதிலிருந்து ஓர் இளம்பெண் இறங்கினாள். இருபது வயது இருக்கும். தலையில் மஞ்சள் தொப்பி, உடம்பில் செம்மஞ்சள் அங்கி, கையில் ஒரு பெயின்ட் டப்பா. நோய்ப்பட்ட எல்ம் மரங்களைத் தேடிக் குறிபோட விடுமுறைக்கு எடுத்த மாணவி என்று பின்னால் அறிந்தேன்.

அந்த அங்கியைக் கண்டதும் என் முதுகு தானாக வளைந்தது. சீருடை எந்த நிறமானாலும் என் முதுகுக்கு ஒன்றுதான்.

அவள் மரத்தைச் சுற்றி வந்தாள். ஒரு பக்கத்தில் கொஞ்ச இலை மஞ்சளாகிச் சுருண்டிருந்ததைப் பார்த்தாள். இப்படித் தொங்குகிற எல்மை அவள் முன்பு கண்டதில்லைப் போலும். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "செ தன் ஓர்ம், ஸா?"

இது எல்ம் மரமா என்று கேட்டிருக்கிறாள். அங்கியின் முன்னால் இலைப் பாடம் மறந்துபோய், எனக்குக் கேட்டது நடுவிலே ஓர் "ஓம்" மட்டும். அவளே ஓமென்று சொல்லுகிறாள், நான் எப்படி மறுப்பது? "ஓம், ஓம்" என்றேன். தலையையும் ஆட்டினேன்.

"மலாட்?" என்றாள்.

மலடு என்றுதான் என் காதில் விழுந்தது. விதை போட்டால் முளைக்காத மரமல்லவா, நன்றாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள் பிள்ளை என்று வியந்துகொண்டு, "ஓம்" என்றேன். பிரெஞ்சில் மலாட் என்றால் நோயாளி.

அவள் டப்பாவைத் திறந்து, அடிமரத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வளையம் கீறினாள். நான் "மெர்சி" என்று நன்றியும் சொல்லி அனுப்பிவைத்தேன்.

எனக்கு இந்த ஓம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் நான் கிளார்க். ராசநாயகம் அண்ணை என்பவர் பக்கத்து மேசை. ஒரு நாள் வேலை முடிந்து போகும் வழியில் ஆமி பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியது. துவக்குத் தூக்கிய சிப்பாய் ஒருவன் எங்கள் இருவருக்கும் முன்னால் நின்று சிங்களத்தில் நீளமாக ஏதோ கேட்டான். கடையில் சாமான் வாங்குமளவுக்குத்தான் எனக்குச் சிங்களம் தெரியும். ராசநாயகம் அண்ணை நேர்மையானவர். "என்ன கேக்கிறீங்கள் எண்டு விளங்கேல்லை" என்று தமிழில் சொன்னார். துவக்குப் பிடியால் வாயில் விழுந்தது. முன்பல் இரண்டு போய்விட்டது. பிறகு அவன் என்னைப் பார்த்தான். நான் "ஒவ்" என்றேன். சிங்களத்தில் ஓம். என்னைப் போக விட்டான்.

அவன் என்ன கேட்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எதற்கு ஒவ் சொன்னேன் என்றும் தெரியாது. என் பல் மட்டும் இருக்கிறது.

அதிலிருந்து எனக்கு இது பழகிவிட்டது. தமிழில் ஓம், சிங்களத்தில் ஒவ், பிரெஞ்சில் உவி. எல்லாவற்றுக்கும் வாயை ஒரே மாதிரிக் குவிக்க வேண்டும். மிராபெலில் குடிவரவு அதிகாரி முதலில் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். நான் ஓமென்று தலையாட்டினேன். பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அரசாங்கக் கடிதம் எல்லாம் எங்களுக்குப் பிரெஞ்சில்தான் வருகிறது.

6

மதாம் எழுந்து வெளியே வந்து அந்த வளையத்தைக் கண்டதும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. வதனி ஓடிவந்தாள். மதாம் பொழிந்த பிரெஞ்சில் எனக்கு ஒரு சொல் விளங்கியது. "கூப்பே". வெட்டுவது. டோர்வல் சமையல் கூடத்தில் நாள் முழுக்கக் கேட்கும் சொல். குறி போட்ட மரத்தை வெட்டுவார்கள்.

அவர் கணவர் இந்த வீட்டைக் கட்டிய வருடம் தன் கையால் நட்ட மரம் அது. மதாம் அந்த வளையத்தைக் கையால் தேய்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வதனியும் என்னைப் பார்த்து, "தூ ஆ தீ குவா?" என்று கத்தினாள். நீ என்ன சொன்னாய் என்று. இவ்வளவு எனக்கு விளங்கும்.

"ஓமெண்டு சொன்னனான்" என்றேன்.

"ஓர்ம்?" என்றார் மதாம், காதைக் கையால் குவித்துக்கொண்டு. "ஓர்ம் என்றா சொன்னான்?"

வதனி வாயைத் திறந்தபடி நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். அந்த முற்றத்தில் நின்ற மூவரில் இரண்டு சொல்லையும் காதால் பிரித்தறியக்கூடிய ஒரே ஆள் அவள்தான். நடந்தது அவளுக்கு முழுக்க விளங்கிவிட்டது. கிளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் வெளியே வரவில்லை. தூக்கிக்கொண்டுதான் போனேன்.

மதாம் நகராட்சிக்குத் தொலைபேசியில் சண்டைபோட்டு, பெரியவர் ஒருவர் அடுத்த சனி வந்து பார்ப்பார் என்று வாக்கு வாங்கினார். நோய் உண்மை என்றால் வெட்டத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கிழமை வீடு வீடாக இல்லை. வதனி என்னோடு எந்தப் பாஷையிலும் கதைக்கவில்லை. தட்டில் வைத்தது தட்டிலேயே கிடந்தது. நான்தான் ஊரார் தட்டையெல்லாம் கழுவிவிட்டு வருபவன், வீட்டிலும் அதே காட்சி.

"ஒரு மரத்துக்கு இவ்வளவு கவலையோ?" என்றேன் செல்வியிடம்.

"வேறை என்ன இருக்கு அந்தப் பிள்ளைக்கு இஞ்சை?" என்றாள் அவள். "உந்த இரும்புப் படியோ?"

மரம் போனால் அவளுக்கு இந்த நாட்டில் இருக்கும் ஒரே வீடு போகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைப் போக்கியது அப்பாவின் வாய் என்பதும் அவளுக்கு நினைவிருக்கும்.

சனிக்கிழமை வந்தார் பெரியவர். நரைத்த மீசை, அழுக்குச் சப்பாத்து. மதாம் என்னை ஒரு விரலால் தள்ளி நிறுத்தினார். நீ வாயைத் திறக்காதே என்று அதற்கு அர்த்தம், மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஆனால் பெரியவருக்குத் தோட்டம் பார்ப்பவனோடுதான் கதைக்க வேண்டுமாம். எனக்குப் பிரெஞ்சு வராது என்று கண்டு, அவர் வதனியின் பக்கம் குனிந்தார்.

வதனி அவருக்கு விளக்கினாள். கை இரண்டையும் ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நடுவிலே "ஓம்" என்று சொல்லி என்னைக் காட்டினாள், "ஓர்ம்" என்று சொல்லி மரத்தைக் காட்டினாள். அவள் வாயால் வந்த அந்த ஓம், எங்கள் ஓம். சுத்தமாக வந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. மஞ்சளாகியிருந்த கிளையிலிருந்து ஒரு சுள்ளியை வெட்டினார். பேனாக்கத்தியை எடுத்துப் பட்டையைச் சீவத் தொடங்கினார். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் நோய் என்று மதாம் முன்பே வதனிக்குச் சொல்லியிருந்தார். வதனி என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கிழமைக்குப் பிறகு என்னைத் தொடுகிறாள். பட்டை சுருள் சுருளாய் விழுந்தது. உள்ளே வெள்ளை. இன்னொரு சுள்ளி. அதுவும் வெள்ளை.

"பா மலாட்" என்றார். நோயில்லை.

மதாம் சிலுவை போட்டுக்கொண்டார். பெரியவர் மரத்தடி மண்ணில் சப்பாத்தை அழுத்தினார். தண்ணீர் ஊறி வந்தது. வதனியைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். பிரெஞ்சில் தொடங்கி, நிறுத்தி, தேடினாள். எங்கேயோ வைத்த சாமானைத் தேடுகிற மாதிரித் தேடினாள்.

"அப்பா... தண்ணி... தண்ணி விட்டனீங்களோ? நெடுக?"

"ஓம்" என்றேன்.

"உவி, உவி, ஓர்ம்" என்றார் பெரியவர். இப்போதுதான் சிரித்தார். வேர் தண்ணீரில் நின்றதால்தான் இலை மஞ்சளாகியிருக்கிறது.

அவர் மரத்தைத் தட்டிக்கொண்டு நிறையக் கதைத்தார். வதனி துண்டு துண்டாக எனக்குச் சொன்னாள். "அந்த வண்டு உயரத்திலைதான் பறக்குமாம் அப்பா. இது குனிஞ்சு பதிவா நிக்கிறதாலை கனதரம் அதின்ரை கண்ணிலை படாதாம்." பிறகு, "முதல் மரம் ஸ்கொட்லாந்திலை... நிலத்திலை... பாம்பு மாதிரிப் போச்சுதாம். ஒராள் அதை எடுத்து மற்ற மரத்தின்ரை தலையிலை ஒட்டினவராம். உலகத்திலை இருக்கிறதெல்லாம் அந்த ஒண்டுதானாம்." கடைசியாக என்னை நேரே பார்த்துச் சொன்னாள்: "அழேல்லையாம் அப்பா. அது வளர்றதே அப்பிடித்தானாம்."

இதை வாசிக்கும் சிலருக்கு இப்போதே கை துருதுருக்கும். புலம்பெயர்ந்த நாங்களும் ஒட்டு மரங்கள் என்று அடுத்த பொங்கல் விழா மேடையில் யாராவது முழங்கக் கூடும். தயவுசெய்து வேண்டாம். மரம் மரமாகவே இருக்கட்டும். குனிந்து நின்றதால் வண்டின் கண்ணுக்குத் தப்பியது என்ற அந்த ஒரு செய்தி மட்டும் எனக்குப் பிடித்திருந்தது, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

பெரியவர் போகுமுன் செம்மஞ்சள் வளையத்தின் மேல் சாம்பல் நிறப் பெயின்ட் பூசினார். முழுக்க மறையவில்லை. மதாம் ஹோஸ் குழாயைச் சுருட்டித் தன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "சாம்தி" என்றார். சனிக்கிழமை வா என்று அர்த்தம்.

7

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. வதனி ஜன்னலோரம் இருந்தாள். நான் கண்ணை மூடியிருந்தேன். நித்திரை இல்லை, களைப்பு. இரண்டு மூன்று தரிப்புக்குப் பிறகு என் கையைச் சுரண்டினாள்.

"அப்பா."

"ம்."

"விளங்காட்டியும் ஏன் நீங்கள் எல்லாருக்கும் ஓம் எண்டு சொல்லுறனீங்கள்?"

கண்ணைத் திறந்தேன். முழுவதும் தமிழ். ஒரு சொல் பிசகாத, தலை முதல் கால் வரை தமிழ். இரண்டு வருடமாக நான் காத்திருந்த தமிழ், என்னைக் கண்டிப்பதற்கு வந்து சேர்ந்திருந்தது. எப்படி வந்தாலும் நல்வரவுதான். தாயின் குரல் அப்படியே அதில் இருந்தது.

பதில் சொல்ல வாயெடுத்தேன். மறித்த பஸ்ஸைச் சொல்வதா? ராசநாயகம் அண்ணையின் பல்லைச் சொல்வதா? ஏழு வயதுப் பிள்ளை. மடியில் மதாம் கொடுத்த பிஸ்கட் பொதி.

"பழகிப்போச்சு பிள்ளை" என்றேன்.

"இனிச் சொல்லாதேங்கோ. விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ. ஆரும் ஒண்டும் செய்ய மாட்டினம். இல்லாட்டி என்னைக் கேளுங்கோ, நான் சொல்லித் தருவன்."

வக்கீலும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். விசாரணையில் கேள்வி விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லவேண்டும் என்று. அவர் சொன்னபோதும் நான் தலையாட்டியிருந்தேன்.

"ஓம்" என்றேன்.

வதனி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது.

"இது விளங்கின ஓமோ, விளங்காத ஓமோ?" என்று கேட்டாள்.